சீப்புப் படத்தின் கடைசி இரண்டு வரி

அன்பு மகள் கடுகுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை. இந்தத் தடவை அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. நான் முக்கால் நலம், உன் அப்பா முக்காலே அரைக்கால் நலம், மாப்பிள்ளை இத்தனை வருடம் உன் சமையலைச் சாப்பிட்டும் வேலைக்குப் போய் வருகிறார் என்றால் அவர் முழு நலமாகத்தான் இருக்க வேண்டும். நீ எவ்வளவு நலம் என்பது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் ஒரு காதை எனக்கும் ஒரு காதை அடுப்புக்கும் கொடுத்துவிட்டு, ம், ம், சரிம்மா, அப்புறம் என்பாய். கடிதத்துக்கு ம் கொட்ட முடியாது. எழுத்து ஏன் எருமைக்குட்டி மாதிரி இவ்வளவு பெரிசு என்று சிரிக்காதே, துணிக்கட்டில் நம்பர் போடுகிற பேனாவால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் கைக்கு இதுதான் வாகாக இருக்கிறது. தாள் தீர்ந்தால் தீரட்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடுத்தவர் வாயால் நீ கேள்விப்பட வேண்டாம். இந்த வயதில் நான் பரீட்சையில் மாட்டிக்கொண்டேன். ஊரில் எல்லோரும் பார்த்து எழுதி மாட்டிக்கொள்வார்கள், உன் அம்மா பார்க்காமல் சொல்லி மாட்டிக்கொண்டாள். எங்கள் சலவை ஆலையில் வெளிச்ச மேசையில் நிற்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை கண் சோதனை உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டலிலிருந்தும் வருகிற விரிப்புகள் வெளுத்து, காய்ந்து, உருளையில் இஸ்திரி ஆகி வந்ததும் நாங்கள் இரண்டு இரண்டு பேராகப் பிடித்து மேசைமேல் விரித்து, அடியில் எரிகிற வெளிச்சத்தில் கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவேண்டும். ஒரு விரிப்புக்குப் பத்து மூச்சு நேரம்கூடக் கிடையாது. கறை தெரியாதவளை அங்கே வைத்து என்ன பயன், அதனால்தான் சோதனை. சோதனை நடப்பது சாப்பாட்டு அறையில். எழுத்து தெரியாதவர்களுக்கான படம் ஒன்று அங்கே சுவரில் தொங்கும். எழுத்துக்குப் பதிலாக மூன்று பல் சீப்பு மாதிரி ஒரு உரு, மேல் வரிசையில் பெரிதாக, கீழே வர வரச் சின்னதாக. சீப்பின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டிக்கொண்டே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தைச் சோதனை முடிந்ததும் யாரும் கழற்றவில்லை. ஏழு வருடம் அதே ஆணியில் தொங்கியது. ஏழு வருடம் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். மேலே, கீழே, சோத்துக்கை, பீச்சாங்கை, மறுபடி மேலே என்று கடைசி வரி வரைக்கும் எனக்கும் ஒட்டகத்துக்கும் தலைகீழ்ப் பாடம். ஒட்டகம் என்பது என்னோடு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள், பேரைக் கேட்டதுமே உயரம் உனக்குப் புரிந்திருக்கும், என்னை அவள் தரையோடு தரையாக இருக்கிறவள் என்று கூப்பிடுவாள். வேலை மந்தமாக இருந்தால் இரண்டு பேரும் கை தட்டித் தட்டி அந்தப் படத்தைப் பாட்டாகவே சொல்வோம்.

உண்மை என்னவென்றால் மூன்று வருடமாகக் கடைசி இரண்டு வரி எனக்குச் சீப்பாகத் தெரியவில்லை, எறும்பாகத்தான் தெரிந்தது. அதனால் என்ன. பெரிய சீப்புகளை நிஜமாகவே பார்த்துச் சொல்வேன், கீழே வந்ததும் கண்ணை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு வாயை வேலைக்கு அனுப்புவேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட நூற்றுக்கு நூறு வாங்காதவள் இங்கே வருடா வருடம் வாங்கினேன். இந்த வருடம் சோதனைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள், தலையில் எண்ணெய் வைத்து அழுந்தச் சீவி, பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி சாது. பழைய படம் நீராவியில் பழுத்துப்போய்விட்டது என்று காலையிலேயே புதுசு ஒன்றை மாட்டியிருக்கிறாள். மேல் வரிசைகள் எல்லாம் பழையபடிதான், கடைசி இரண்டு வரி மட்டும் வேறு. எறும்பு திரும்பி நிற்பது யாருக்குத் தெரிகிறது. நான் கையை ஆட்டி ஆட்டி, ராகம் தப்பாமல் கடைசி வரி வரை ஒப்பித்தேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கா, நீங்க சொன்னது போன வருஷப் படம், இந்த வருஷப் படத்தை எப்ப பாக்கப் போறீங்க என்றாள். எனக்குப் பின்னால் நின்ற ஒட்டகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்தது அவள் முறை. அவளும் அதே பாட்டைத்தான் பாடினாள், வேறு பாட்டு அவளுக்குத் தெரியாது. இருபத்திரண்டு பேரில் அன்றைக்குப் பதினொரு பேர் மாட்டினோம். சூப்பர்வைசர் வந்து எங்கள் வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இத்தனை நாளா கறை பாத்தது யாரு, அந்தச் சுவரா என்று கேட்டுவிட்டுப் போனார். பதினொரு பேரையும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள்.

போன மாதம் அரை நாள் லீவு போட்டு நானும் ஒட்டகமும் போனோம். கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள், திரும்பும் வழியில் டீ குடிக்கலாம், இதுதான் திட்டம். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றி வைத்தார்கள், எறும்பெல்லாம் மறுபடி சீப்பானது. முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அங்கே இருந்த நர்ஸ், உக்காருங்க, வாசப்படியிலயே நின்னுட்டுக் கிளம்பறீங்களே, இன்னும் வீட்டுக்குள்ளயே போகலை என்றாள். அப்புறம்தான் மோவாயை ஒரு மேடையில் வைத்து, கண்ணில் மரத்துப்போகிற சொட்டு ஒன்று விட்டு, நீல வெளிச்சத்தோடு ஒரு சின்ன முனையைக் கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். தொட்டதே தெரியவில்லை. கண்ணுக்குள் ஒரு அழுத்தம் இருக்குமாம், சைக்கிள் டயரில் காற்று இருப்பது மாதிரி, அதை அளக்கிறார்கள். இடது கண்ணில் முப்பத்தொன்று, வலது கண்ணில் இருபத்தாறு. பொதுவாக இருபத்தொன்றுக்குள் இருந்தால் நல்லதாம், ஆனால் நம்பர் நன்றாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, அதனால் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகக்கூடாதாம். நர்ஸ் நம்பரை எழுதிவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். டாக்டரம்மா வந்து கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தார். கண் பார்த்ததை மூளைக்கு எடுத்துப்போகிற நரம்பு ஒன்று பின்னால் இருக்கிறது, அதன் நடுவில் இருக்கிற குழி எனக்கு இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருக்கிறதாம். நாளைக்கு வாங்க, இன்னொரு பரிசோதனை பாக்கி இருக்கு என்றார். டீ குடிக்கவில்லை.

மறுநாள் நடந்ததுதான் பெரிய கூத்து. கவிழ்த்த பெரிய சட்டி மாதிரி ஒரு வெள்ளைக் கருவி, அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே மின்மினி மாதிரி வெளிச்சம் வரும், தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்குச் சந்தேகம், வந்து நான்தான் விட்டுவிட்டேனோ என்று. பழக்கதோஷம் விடுமா, ஒரு தாளம் பிடித்து அழுத்த ஆரம்பித்தேன், தட், தட், தட். முடிந்ததும் அதை ஓட்டுகிறவர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா, வெளிச்சம் வராத நேரத்துலயும் அழுத்தியிருக்கீங்க, மிஷின் எழுதி வெச்சிருக்கு பாருங்க என்றார். மனுஷனை ஏமாற்றலாம், அந்தச் சட்டியை ஏமாற்ற முடியாது. மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை யோக்கியமாக.

தாளைக் கொண்டுவந்து டாக்டரம்மா மேசைமேல் விரித்தார். இடது கண்ணுக்கான வட்டத்தில், கீழே ஓரமாக, ஒரு கருப்புத் தடம். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இஸ்திரிச் சூட்டில் விரிப்பு கருகினால் சரியாக இப்படித்தான் இருக்கும், நடுவில் கருப்பு, ஓரத்தில் பழுப்பு. பதினேழு வருடம் அதைத்தானே பார்க்கிறேன். வலது கண் தாளில் அதே மாதிரி ஒன்று இப்போதுதான் தொடங்கியிருந்தது. வாய் சும்மா இருக்காமல், இது எதுல போகும் என்று கேட்டேன். டாக்டரம்மா, போகாது, மேல பரவாம பாத்துக்கலாம் என்றார். கருகினது போகாது என்பது எனக்கும் தெரிந்ததுதான், ஆலையில் அப்படிப்பட்டதைத் துடைக்கிற துணியாகக் கிழித்துவிடுவோம். பேர் கிளாக்கோமா, கண் அழுத்தத்தில் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. நடுவில் இருப்பது கடைசிவரை தெளிவாகத் தெரியும், ஓரம்தான் முதலில் போகும், போன இடம் கருப்பாகக்கூடத் தெரியாது. மூளை பக்கத்தில் இருப்பதை வெட்டி எடுத்து அந்த ஓட்டையில் ஒட்டுப்போட்டு விடுமாம். எனக்கு எல்லாமே நல்லாத் தெரியுதே என்றேன். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க என்றார். மருந்து எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். உங்களுக்கு எத்தனை நாளைக்குக் கண் வேணும் என்று கேட்டார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போய்விட்டது. கண்புரையும் லேசாக இருக்கிறது, அதற்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், வேலைக்குத் தொந்தரவு கொடுத்தால் அறுவை செய்து சரியாக்கிவிடலாம், அது போனால் திரும்பி வரும் பார்வை, இது போனால் வராத பார்வை என்று சொன்னார். சீப்புப் பாட்டையும் நானே சொல்லிவிட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. திட்டவில்லை. அந்தப் படத்தை நேர்மையாப் படிச்சிருந்தாலும் இந்த நோய் அதுல தெரிஞ்சிருக்காது, ஆனா நேர்மையா தோத்திருந்தீங்கன்னா மூணு வருஷம் முன்னாடியே இந்த நாற்காலில வந்து உக்காந்திருப்பீங்க என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வருடத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. 

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் ஒட்டகம் ஒரு விஷயத்தைக் கக்கினாள். ஓட்டலிலிருந்து விரிப்புகள் கறையோடு திரும்பி வருவது அதிகமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார் அல்லவா, திரும்பி வந்ததெல்லாம் என் பக்கத்து இடது மூலைக் கறையாம். இவள் அதைக் கண்டுபிடித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மறுமுனையிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டி என் மூலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் பாதியையும் நான்தான்டி ஆறு மாசமா பாத்துட்டு இருக்கேன், கழுத்து சுளுக்கிப்போய் ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியலை, உனக்கு என்னடான்னா பாட்டு வேற என்றாள். முதல் நாளே என் மண்டையில் ஒரு குட்டு வைத்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். அதை அவளிடம் சொன்னேன். குட்டறதுக்குக் குனியணுமே என்றாள். அவளுக்குக் கண்ணில் ஒன்றுமில்லை, கண்ணாடி மட்டும்தான், அதையும் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு தேடுகிறாள்.

இப்போது நிலவரம் இது. தினமும் இரவு படுக்கும் முன் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. கீழ் இமையை இழுத்துப் பிடித்து, விட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடும், கசக்கும். எனக்குக் கை நடுங்குகிறது என்று உன் அப்பா பொறுப்பெடுத்துக்கொண்டார். முப்பது வருடமாகப் பூட்டுக்குள் எண்ணெய் விடுகிற கை, ஊசிமுனை அளவு துளையிலும் ஒரு சொட்டு சிந்தாது என்று பூட்டுக் கடையில் பெருமை அடித்துக்கொள்வார். முதல் வாரம் முழுவதும் என் மூக்குக்குத்தான் வைத்தியம் நடந்தது. பூட்டு கண் சிமிட்டாதே, நீ சிமிட்டறியே என்று என்மேல் பழி. இப்போது பழகிவிட்டது. மூன்று வாரம் கழித்துப் போய் அளந்தபோது இடது கண் பதினேழு, வலது கண் பதினாறு. டாக்டரம்மா தலையை ஆட்டினார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முகத்தைக் காட்ட வேண்டும், மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது, நம்பர் இறங்கிவிட்டதே என்று நானாக நிறுத்தினால் அது தானாக ஏறிவிடும். வெளிச்ச மேசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மடித்துக் கட்டுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே கண்ணைவிட இடுப்புக்குத்தான் வேலை, அது என்னிடம் தாராளமாக இருக்கிறது. முதல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, மூன்றாம் நாள் வந்துவிட்டது.

இனிமேல் உன் விஷயம். இதற்குத்தான் இவ்வளவு தாளும். இந்த நோய் ரத்தத்தில் வரும். தாய்க்கோ தகப்பனுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர மற்றவர்களைவிட வாய்ப்பு பல மடங்கு. கட்டாயம் வரும் என்றில்லை, ஆனால் பார்க்காமல் இருப்பதற்குச் சாக்கு கிடையாது. எத்தனை பிள்ளைகள் என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றே ஒன்று, கடுகு அளவுதான் இருப்பாள், பஸ் ஓட்டுகிறாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் மெல்ல எடுத்தேன், ஞாபகம் இருக்கும். எனக்கு நல்லாத்தான் தெரியுது, நீ சும்மா இரும்மா, போய் எதையாவது கண்டுபிடிச்சு எழுதிட்டா ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு டிக்கெட் கவுன்ட்டர்ல உக்கார வெச்சுடுவாங்க என்றாய். அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன் என்று இப்போது சொல்கிறேன். போன வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சோதனைக்குப் போக வேண்டும், கடைசி வரி கொஞ்சம் மங்கலாக இருக்கும் போல என்று நீ சொன்னபோது, வரிசையில் பின்னாடி நில்லு, முன்னாடி இருக்கறவங்க சொல்றதைக் கேட்டு வெச்சுக்கோ என்று யோசனை சொன்னது யார். நான்தான். நீயும் அப்படியே செய்து, பாஸ் ஆயிட்டேன்மா என்று போனில் கூத்தாடினாய், நானும் ஒட்டகமும் இங்கே கை தட்டினோம். அந்த யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் இன்னொன்று. டெப்போவில் பஸ்ஸைத் திருப்பும்போது இடது பக்கக் கண்ணாடியைத் தூணில் உரசிவிட்டதாக ஒரு தடவை சொன்னாய். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே பக்கம் உரசியதாகச் சொன்னாய். தூணுக்கு உன்மேல் ஆசை போல என்றேன் நான், இரண்டு பேரும் சிரித்தோம். தூண் மேல் தப்பு இருக்கலாம், டெப்போ குறுகலாக இருக்கலாம், உனக்கு அன்றைக்குத் தூக்கக் கலக்கமாக இருந்திருக்கலாம். என் விரிப்பிலும் இடது மூலைதான். எனக்கு எது என்று தெரியவில்லை. உனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு சட்டிக்குள் பத்து நிமிடம் முகத்தை வைத்தால் போதும்.

ஸ்டியரிங் போய்விடுமா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். ஒன்றும் இல்லாமலே இருக்கலாம், அப்படியானால் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்து விட்டுக்கொண்டே நிறையப் பேர் கடைசிவரை வண்டி ஓட்டுகிறார்கள். முற்றிய பிறகு பிடித்தால் ஸ்டியரிங்கை யாரும் பிடுங்க வேண்டியிருக்காது, ஏதோ ஒரு நாள் அதுவே போய்விடும், தனியாகப் போகாது என்றார். உன் முதுகுக்குப் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வரும். என் மூலையை ஒட்டகம் பார்த்துக்கொண்டாள், உன் மூலையைப் பார்க்க அந்தப் பஸ்ஸில் யாரும் இல்லை. டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருவது ஒன்றும் தூக்குமேடை இல்லை, நான் மூட்டை கட்டுகிற இடத்துக்குப் போகவில்லையா, அங்கேயும் டீ கொடுக்கிறார்கள்.

போகும்போது கண்ணாடிக்கடையில் நுழைந்து நம்பர் பார்த்துவிட்டு வந்துவிடாதே, அது வாசப்படி. கண் டாக்டரிடம் போய், அம்மாவுக்கு கிளாக்கோமா என்று வாயைத் திறந்து சொல். அழுத்தம், பின்பக்க நரம்பு, சட்டிப் பரிசோதனை, மூன்றும் கேள். கண்பாவையை விரிக்க மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது தெரியாது, அதனால் அன்றைக்கு பஸ் என்ன, சைக்கிள்கூட ஓட்டாதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, கையைப் பிடித்து நடக்க அவருக்கும் ஒரு வாய்ப்பு. கண் சிவந்தால் மெடிக்கலில் நீயே ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்கிற வழக்கம் உனக்கு உண்டு, அதை விடு. அந்த மாதிரி மருந்து சிலவற்றைக் கேட்காமல் மாதக்கணக்கில் விட்டால் அழுத்தம் ஏறுமாம். உன் அப்பாவையும் செவ்வாய்க்கிழமை இழுத்துக்கொண்டு போனேன். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, ஒரு தடவைகூடக் கண்ணைக் காட்டவில்லை, சாவித் துளை தெரியுது, அதுக்கு மேல எனக்கு என்ன தெரியணும் என்பார். கண்ணின் பின்திரையில் ஊசிமுனை அளவு நாலைந்து ரத்தப் புள்ளி இருக்கிறது. இப்போதைக்குக் கண்ணுக்கு மருந்து தேவையில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், புள்ளி பெருகினால் வைத்தியம் இருக்கிறது, ஆனால் பெருகுவது அவருக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். மனுஷன் அன்றைக்கு முழுக்கக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் பெரிய ஆள் மாதிரி நடந்தார். உனக்காக டாக்டரம்மா தன் கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், தாய்க்கு கிளாக்கோமா, முழுக் கண் பரிசோதனை தேவை, தள்ளிப்போட வேண்டாம் என்று, டாக்டர் எழுத்தாக இருந்தும் எனக்கே படிக்க முடிந்தது. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆகும் என்று தெரிந்து, சீட்டைத் தனி உறையில் வைத்துச் செவ்வாய்க்கிழமையே அப்பாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட்டேன். இதற்கு முன்னால் அது உன் கைக்கு வந்திருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் கண் இரண்டும் நான் பெற்றபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் போய் வா. பதில் எழுதும்போது சரிம்மா என்று எழுதாதே, இரண்டு நம்பர் எழுது, இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று. அது வருகிற வரை நான் போன் பண்ணினால் அதைத் தவிர வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

என்றும் உன் அம்மா,
இப்போதைக்கு இடது பதினேழு, வலது பதினாறு.

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும்போது ஒரு விஷயம் தெரியவந்தது. செவ்வாய்க்கிழமை அப்பாவின் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கிட்டத்தில் இருந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை. நான் கொடுத்த உறையை ஒட்டாமலே விட்டிருந்தேன். அவர் சீட்டை வெளியே எடுத்து முகவரி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். கையில் கடை ஷட்டரில் ஒட்ட எழுதிய விடுமுறைத் தாளும் இருந்திருக்கிறது, இரண்டும் இடம் மாறிவிட்டன. அதனால் உனக்கு வந்திருக்கும் உறையில், இன்று கடை விடுமுறை, அவசரம் என்றால் பின்பக்கம் தட்டவும் என்று இருக்கும். டாக்டரம்மாவின் சீட்டு மூன்று நாளாகக் கடை ஷட்டரில் ஒட்டியிருந்தது. பகலில் ஷட்டரைச் சுருட்டிவிடுவதால் அவர் கண்ணில் படவில்லை, இருட்டில் இழுத்து மூடும்போது தன் விடுமுறைத் தாள்தான் என்று விட்டுவிட்டார். கடை மூடியபின் தெருவில் போனவர்கள் படித்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார்கள், ஒருவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சீட்டை உரித்து இதோடு வைத்திருக்கிறேன். உரிக்கும்போது கீழ் மூலை வரவில்லை. அங்கே உன் டாக்டர் கேட்டால், கையெழுத்து எங்கள் கடைக் கதவில் இருக்கிறது என்று சொல்.